மாங்கூழ் ஆலைக்கு ஒரு புகார் ட்ராக்கர்: ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே மேன்டிஸ் நிறுவும் முழு வழிகாட்டி

கிருஷ்ணகிரி சுற்றுவட்டாரத்து மாங்கூழ் ஆலைகளுக்கு வருஷத்தில் சில வாரங்கள்தான் சீசன். பெங்களூரா காய் லாரி லாரியாக வாசலில் நிற்கும், ஆலை ராப்பகலாக ஓடும். அந்த நேரத்தில் பழத்தைக் கூழாக்கும் பல்ப்பர் நின்றால் பழம் காத்திருக்காது. ஆனால் எந்த மெஷின் எப்போது நின்றது, யார் பார்த்தார், என்ன மாற்றினார் என்ற விவரம் பாதி பிரேக்டவுன் ரிஜிஸ்டரிலும், பாதி வாட்ஸ்அப் குரூப்பிலும், மீதி ஃபிட்டரின் தலையிலும் கிடக்கும். “டிகேன்டர் அதிருதுண்ணா” என்று ராத்திரி ஷிஃப்டில் ஒருவர் போட்ட மெசேஜ், விடிவதற்குள் குட் மார்னிங் படங்களுக்கு அடியில் போய்விடும். அதே பேரிங் போன சீசனிலும் போனதா என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது.

சாஃப்ட்வேர்காரர்கள் இதே தலைவலிக்குத்தான் இஷ்யூ ட்ராக்கர் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு புகாருக்கும் ஒரு எண், பொறுப்புக்கு ஒரு ஆள், ஒரு நிலை, அதன் கீழே நடந்ததெல்லாம் தேதியோடு. கோடில் வரும் பிழைக்கு எழுதியதை பாய்லருக்கும் பம்புக்கும் பயன்படுத்துவதில் எந்தத் தடையும் இல்லை.

இங்கே எடுத்துக்கொள்வது மேன்டிஸ். 2000ஆம் ஆண்டில் தொடங்கிய திறமூல மென்பொருள், பிஎச்பியில் எழுதியது, ஜிபிஎல் உரிமம், காசு கிடையாது. இதே வேலைக்கு இருக்கும் ரெட்மைன் இன்னும் அழகானது, ஆனால் ரூபியில் ஓடுவதால் விண்டோஸில் நிறுவும்போது பொறுமையைச் சோதிக்கும். இன்னொரு ட்ராக்கரான பக்ஸில்லா பெர்லில் எழுதியது, சின்ன ஆலைக்குக் கனம் அதிகம். மேன்டிஸின் முகப்பு பழைய காலத்துத் தோற்றம்தான். அதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

நிறுவுவது அரை நாள் வேலை. ஷிஃப்ட் சூப்பர்வைசர் வாட்ஸ்அப்பில் போடுவதைவிடச் சீக்கிரமாக இதில் பதிய முடிகிற அளவுக்கு இதை வெட்டிக் குறைப்பதுதான் பெரிய வேலை. அதைச் செய்யாமல் விட்டால் ஒரு மாதத்தில் எல்லோரும் வாட்ஸ்அப்புக்கே திரும்பிவிடுவார்கள். அதனால் நிறுவும் படிகளைச் சுருக்கமாகவும், குறைக்கும் படிகளை விரிவாகவும் சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃபைல் பெயர்களும் செட்டிங் பெயர்களும் கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்தில்தான் இருக்கும். இங்கே உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். செட்டிங் பெயரில் இடைவெளி வரும் இடத்தில் அடிக்கோடு போடவேண்டும், பெயருக்கு முன்னால் டாலர் குறி, ஜி, அடிக்கோடு மூன்றும் வரும். எல்லா செட்டிங்கும் ‘கான்ஃபிக் டிஃபால்ட்ஸ் இன்க்’ என்ற ஃபைலில் விளக்கத்தோடு இருக்கின்றன. அங்கே தேடி, அந்த வரியை காப்பி செய்து எடுத்தால் எழுத்துப் பிழை வராது.

எந்தக் கம்ப்யூட்டர்?

லினக்ஸ் தெரிந்தவர் ஆலையில் நிரந்தரமாக இருந்தால் உபுண்டுவில் போடுங்கள், அதுதான் நல்லது. பெரும்பாலான ஆலை ஆபீஸில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்பவருக்கு விண்டோஸ்தான் பழக்கம். சர்வர் படுத்துக்கொண்டால் எழுப்பப் போவதும் அவர்தான். ஆகவே விண்டோஸ் வழியையே சொல்கிறேன்.

8 ஜிபி ராம், எஸ்எஸ்டி உள்ள பழைய கம்ப்யூட்டர் தாராளம். டேலி ஓடும் கம்ப்யூட்டரில் போடாதீர்கள். கணக்குப் பிள்ளை சாயங்காலம் ஷட்டவுன் செய்துவிட்டு வீட்டுக்குப் போவார், ராத்திரி ஷிஃப்டுக்கு ட்ராக்கர் இருக்காது. வைஃபையை நம்பாமல் கேபிளில் இணையுங்கள். பவர் செட்டிங்கில் ஸ்லீப்பை நிறுத்துங்கள். ரவுட்டரில் அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரே ஐபி முகவரி எப்போதும் கிடைக்கும்படி ரிசர்வ் செய்யுங்கள். இங்கே 192.168.1.20 என்று வைத்துக்கொள்வோம்.

யூபிஎஸ் கட்டாயம். கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும் அந்தச் சில நொடிகள் போதும், டேட்டாபேஸ் ஃபைல் கெட்டுப்போக. அடுத்து நாம் நிறுவப்போகும் ஸாம்ப் என்ற சர்வர் மூட்டையில் ‘மைஸ்க்யூஎல் ஷட்டவுன் அன்எக்ஸ்பெக்டட்லி’ என்று சிவப்பில் வரும் எழுத்துக்குப் பல நேரம் இதுதான் காரணம்.

ஸாம்ப்

வெப் சர்வரான அப்பாச்சி, டேட்டாபேஸான மரியாடிபி, மேன்டிஸ் ஓடத் தேவையான பிஎச்பி மூன்றையும் ஒரே மூட்டையாகத் தருவது ஸாம்ப். அப்பாச்சி ஃப்ரெண்ட்ஸ் தளத்தில் இறக்கலாம். பிஎச்பி 8.2 உள்ள பதிப்பு சரியாக இருக்கும். புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரில் நிறுவ வேண்டாம், விண்டோஸ் எழுத விடாது. சி டிரைவில் நேரடியாக ‘ஸாம்ப்’ ஃபோல்டரிலேயே இருக்கட்டும்.

நிறுவியதும் கன்ட்ரோல் பேனலை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, அப்பாச்சிக்கும் மைஸ்க்யூஎல்லுக்கும் (மரியாடிபிக்கு இங்கே அந்தப் பெயர்தான்) இடது ஓரத்தில் இருக்கும் சர்வீஸ் கட்டத்தைக் கிளிக் செய்யுங்கள். பச்சை டிக் வந்தால், இனி யாரும் லாகின் செய்யாமலேயே கம்ப்யூட்டர் ஆன் ஆனவுடன் இரண்டும் ஓடும். அப்பாச்சி கிளம்ப மறுத்தால் 80ஆம் போர்ட்டை வேறு ஏதோ பிடித்திருக்கிறது. விண்டோஸின் சொந்த வெப் சர்வரான ஐஐஎஸ் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள்.

அப்புறம் பிஎச்பியின் ‘பிஎச்பி.ஐஎன்ஐ’ ஃபைலைத் திறந்து ‘எக்ஸ்டென்ஷன்=ஜிடி’ என்ற வரியின் முன்னால் இருக்கும் அரைப்புள்ளியை எடுத்துவிட்டு அப்பாச்சியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸ் ஃபயர்வாலில் 80ஆம் போர்ட்டுக்கு மட்டும் உள்வரும் அனுமதி கொடுங்கள், அதுவும் பிரைவேட் நெட்வொர்க்குக்கு மட்டும். டேட்டாபேஸின் 3306 வெளியே தெரியவே கூடாது.

ஸாம்ப்பை உருவாக்கியவர்களே இது டெவலப்மென்டுக்கான மூட்டை என்றுதான் சொல்கிறார்கள். ஆலைக்குள் மட்டும் புழங்கும் சின்ன ட்ராக்கருக்கு இது போதும். இன்டர்நெட்டில் திறந்து வைக்க இது ஆகாது.

டேட்டாபேஸும் மேன்டிஸும்

பிரவுசரில், டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ளும் பக்கமான பிஎச்பிமைஅட்மினைத் திறந்து, யூசர் அக்கவுன்ட்ஸ் பகுதியில் ‘மேன்டிஸ்’ என்று புது யூசரைச் சேருங்கள். ஹோஸ்ட் லோக்கல்ஹோஸ்ட், பாஸ்வேர்ட் நீளமாக. அதே பெயரில் டேட்டாபேஸ் உருவாக்கி எல்லா உரிமையும் தரும் கட்டம் கீழேயே இருக்கும், அதை டிக் செய்தால் இரண்டு வேலையும் முடிந்தது. ஸாம்ப்பில் ரூட் யூசருக்குப் பாஸ்வேர்டே இருக்காது. அதற்கும் ஒன்று வைத்துவிடுங்கள். வைத்த கையோடு பிஎச்பிமைஅட்மின் ஃபோல்டரில் உள்ள கான்ஃபிக் ஃபைலிலும் அதை எழுத வேண்டும், இல்லையென்றால் அடுத்த முறை உள்ளே விடாது.

மேன்டிஸின் கடைசி நிலையான பதிப்பை ஜிப்பாக இறக்கி, ஸாம்ப்பின் ‘எச்டிடாக்ஸ்’ ஃபோல்டருக்குள் விரித்து, நீளமான பெயரை ‘மேன்டிஸ்’ என்று சுருக்குங்கள். பிரவுசரில் அதன் அட்மின் ஃபோல்டரில் உள்ள இன்ஸ்டால் பக்கத்தைத் திறந்தால் முதலில் ஒரு பரிசோதனை நடக்கும். எல்லாம் பச்சையாக இருந்தால் படிவத்தை நிரப்பலாம். டேட்டாபேஸ் வகை மைஸ்க்யூஎல் இம்ப்ரூவ்ட், ஹோஸ்ட் லோக்கல்ஹோஸ்ட், யூசரும் டேட்டாபேஸும் மேலே உருவாக்கியவை, டைம்ஸோன் ஏசியா/கொல்கத்தா. மற்றதைத் தொட வேண்டாம். டேட்டாபேஸை முன்பே உருவாக்கிவிட்டதால் அட்மின் யூசர் பெட்டியைக் காலியாக விடலாம். பட்டனை அழுத்தினால் டேபிள்கள் உருவாகி, ‘கான்ஃபிக் இன்க்’ என்ற ஃபைலும் தானாக எழுதப்படும். இனி நம் மாற்றங்கள் எல்லாம் இந்த ஃபைலில்தான். டிஃபால்ட்ஸ் ஃபைலில் கை வைக்காதீர்கள், பதிப்பு மாற்றும்போது எல்லாம் போய்விடும்.

முதல் லாகின் ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’, பாஸ்வேர்ட் ‘ரூட்’. உலகத்துக்கே தெரிந்த பாஸ்வேர்ட் இது, உள்ளே போனதும் மாற்றுங்கள். பிறகு மேன்டிஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் அட்மின் ஃபோல்டரை அப்படியே அழித்துவிடுங்கள். அது இருக்கும்வரை லாகின் பக்கமே எச்சரித்துக்கொண்டிருக்கும்.

ஆட்களைச் சேர்ப்பதில் ஒரு முடிச்சு

மேன்டிஸ் தானாகவே எல்லோருக்கும் ஈமெயில் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறது. புது யூசரை உருவாக்கினால் பாஸ்வேர்டை மெயிலில்தான் அனுப்பப் பார்க்கும், நீங்கள் பாஸ்வேர்ட் வைக்க இடமே தராது. ஃபிட்டர் மெயில் பார்க்கப்போவதில்லை. கான்ஃபிக் ஃபைலில் நான்கு வரி சேருங்கள்: ‘சென்ட் ரீசெட் பாஸ்வேர்ட்’ ஆஃப், ‘எனேபிள் ஈமெயில் நோட்டிஃபிகேஷன்’ ஆஃப், ‘அலோ பிளாங்க் ஈமெயில்’ ஆன், ‘அலோ சைன்அப்’ ஆஃப். இனி நீங்களே பாஸ்வேர்ட் வைத்து ஆளைச் சேர்க்கலாம். இந்த நிலையில் ஒருவருடைய பாஸ்வேர்டை ரீசெட் செய்தால் அது காலியாகிவிடும். உடனே அவரை உட்கார வைத்துப் புதிது போடச் சொல்லுங்கள்.

உரிமை நிலைகளில் நமக்கு வேண்டியது ஐந்து. ஷிஃப்ட் சூப்பர்வைசருக்கு ரிப்போர்ட்டர். ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், பாய்லர் ஆபரேட்டருக்கு டெவலப்பர். பெயர் பொருந்தாவிட்டாலும், வேலையை ஒருவர் பெயரில் ஒதுக்க அந்த நிலை தேவை. மெயின்டனன்ஸ் இன்சார்ஜுக்கு மேனேஜர். முதலாளிக்கு வ்யூயர். அவர் கோபித்துக்கொண்டால் ரிப்போர்ட்டர் கொடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். அட்மினிஸ்ட்ரேட்டர் ஒருவரே.

‘ஷிஃப்ட் ஏ’ என்று ஒரு பொது யூசர் வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். வைத்தால் யார் பதிந்தது என்பது தெரியாமலேயே போகும். ஆளுக்கு ஒரு லாகின், அவரவர் போனில் ‘லாகினை நினைவில் வை’ டிக். ஒரு தடவை செய்தால் போதும்.

படிவத்தை வெட்டுவது

புது மேன்டிஸில் புகார் பதியும் பக்கத்தைத் திறந்து பாருங்கள். எத்தனை முறை திரும்ப வருகிறது, எந்த ஆபரேட்டிங் சிஸ்டம், எந்த பிளாட்ஃபார்ம், மறுபடி வரவைக்கும் வழி என்ன என்று கேட்டுக்கொண்டே போகும். காலில் மாங்கூழ் ஒட்ட, ஒரு கையில் போனோடு நிற்கிற சூப்பர்வைசர் இதைப் பார்த்தால் மூடிவிடுவார்.

‘பக் ரிப்போர்ட் பேஜ் ஃபீல்ட்ஸ்’ என்ற செட்டிங்தான் மருந்து. டிஃபால்ட்ஸ் ஃபைலில் உள்ள அந்த முழுப் பட்டியலையும் நம் கான்ஃபிக்குக்குக் காப்பி செய்து, கேட்டகிரி, சிவியாரிட்டி (தீவிரம்), அட்டாச்மென்ட்ஸ் மூன்றை மட்டும் வைத்துவிட்டு மற்றதை நீக்குங்கள். தலைப்பும் விவரமும் எப்படியும் இருக்கும். பார்க்கும் பக்கத்துக்கும் திருத்தும் பக்கத்துக்கும் இதே மாதிரி இரண்டு பட்டியல்கள் உண்டு, அவற்றையும் குறையுங்கள். அங்கே ஹேண்ட்லர் (பொறுப்பாளர்), ஸ்டேட்டஸ் (நிலை) போன்றவை இருக்கட்டும். ‘எனேபிள் ப்ரொஃபைல்ஸ்’ ஆஃப்.

ப்ராஜெக்ட் ஒன்றே போதும். லைனுக்கு ஒரு ப்ராஜெக்ட் வைத்தால் பாய்லர் எந்த லைனுக்குச் சொந்தம் என்ற சண்டை வரும். கேட்டகிரி என்பதை ‘யார் பார்க்க வேண்டும்’ என்று எடுத்துக்கொள்ளுங்கள்: மெக்கானிக்கல், மின்சாரம், பாய்லர்–ஸ்டீம், தண்ணீர்–கூலிங் டவர், கட்டடம். ஒவ்வொரு கேட்டகிரியையும் திருத்தும் பக்கத்தில் ‘அசைன்ட் டு’ என்று ஒரு பெட்டி உண்டு. மின்சாரத்துக்கு எலக்ட்ரீஷியன் பெயரை அங்கே வைத்துவிட்டால், அந்தக் கேட்டகிரியில் பதியும் புகார் நேராக அவர் பெயருக்குப் போய்விடும். ராத்திரி இரண்டு மணிக்கு இதை யாருக்கு ஒதுக்குவது என்று இன்சார்ஜை எழுப்ப வேண்டியதில்லை.

மெஷினுக்கு ஒரு கஸ்டம் ஃபீல்ட் வையுங்கள். வகை எனுமரேஷன், பெயர் ‘மெஷின்’, மதிப்புகளை நிமிர்ந்து நிற்கும் கோட்டுக் குறியால் (|) பிரித்து எழுதுங்கள்: வாஷர், பல்ப்பர் 1, பல்ப்பர் 2, ஃபினிஷர், டிகேன்டர், ஸ்டெரிலைசர், அசெப்டிக் ஃபில்லர், பாய்லர், ஜெனரேட்டர் என்று மெஷின் மேல் பெயின்டில் எழுதியிருக்கும் அதே பெயர். பதியும்போது காட்டு, பதியும்போது கட்டாயம் என்ற இரண்டு கட்டங்களையும் டிக் செய்யுங்கள். ஃபீல்டை உருவாக்கினால் மட்டும் அது படிவத்தில் வராது, ப்ராஜெக்ட் பக்கத்துக்குப் போய் அதோடு இணைக்க வேண்டும். படிவத்தில் காணோமே என்று தேடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

மெஷினைப் பட்டியலாக வைக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்த மாவட்டத்தில் ஒரே ஆலையில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் கேட்கும். வேலைக்கு வரும் வடமாநிலத்துப் பையன்களோடு இந்தியும் சேரும். ஒருவர் பேரிங் என்று தமிழில் எழுதுவார், ஒருவர் அதையே ஆங்கில எழுத்தில் நாலு விதமாக எழுதுவார். தேடல் பெட்டி இவற்றை ஒன்றாகப் பார்க்காது. மெஷின் பெயர் பட்டியலில் இருந்து வந்தால், எழுதியவர் எந்த எழுத்தில் எழுதினாலும் டிகேன்டரின் முழு வரலாறும் ஒரே ஃபில்டரில் வந்துவிடும். எழுதவே முடியாதவர் ஒரு போட்டோவையோ, பேசிப் பதிந்த ஆடியோவையோ இணைத்தால் போதும். தலைப்பை இன்சார்ஜ் பிறகு திருத்திக்கொள்ளட்டும்.

நிலைகளும் தீவிரமும், தமிழில்

சிவியாரிட்டியில் எட்டு நிலைகள் இருக்கின்றன. மூன்று போதும். கான்ஃபிக்கில் ‘சிவியாரிட்டி எனம் ஸ்ட்ரிங்’ வரியை 50, 60, 80 மட்டும் இருக்கும்படி எழுதுங்கள். பெயர்களை அங்கே ஆங்கிலத்திலேயே விட்டுவிட்டு, கான்ஃபிக் ஃபோல்டரில் ‘கஸ்டம் ஸ்ட்ரிங்ஸ் இன்க்’ என்று புது ஃபைல் உருவாக்கி, அதில் தமிழ்ப் பெயர் கொடுங்கள். இந்த ஃபைலில் முன்னொட்டு ஜிக்குப் பதில் எஸ். 50க்கு ‘ஓடுகிறது, கவனிக்கணும்’, 60க்கு ‘வேகம் குறைந்தது’, 80க்கு ‘லைன் நின்றது’. இதை முதல் நாளே செய்யுங்கள். புகார்கள் சேர்ந்த பிறகு ஒரு எண்ணை நீக்கினால் பழைய பதிவுகளில் அது @70@ என்பது போல அசிங்கமாகத் தெரியும்.

ஸ்டேட்டஸுக்கும் இதே முறை. 10 ‘புதுசு’, 20 ‘விவரம் வேண்டும்’, 40 ‘பார்ட்ஸுக்குக் காத்திருப்பு’, 50 ‘ஒதுக்கியாச்சு’, 80 ‘சரிசெய்தாச்சு’, 90 ‘முடிந்தது’. 30ஐ விட்டுவிடலாம். பார்ட்ஸுக்கு 20ஐ எடுக்காமல் 40ஐ எடுக்கச் சொல்வது வேண்டுமென்றேதான். 20ல் இருக்கும் புகாரில், பதிந்தவர் ஒரு குறிப்பு எழுதினாலே மேன்டிஸ் அதை மறுபடி ஒதுக்கிய நிலைக்குத் தள்ளிவிடும். கேட்ட விவரம் வந்துவிட்டது என்று அது நினைத்துக்கொள்கிறது. மெக்கானிக்கல் சீல் பெங்களூரிலிருந்து வரவேண்டியிருக்க, “எப்போ வரும்?” என்று சூப்பர்வைசர் கேட்டதுமே நிலை மாறினால் பட்டியல் பொய் சொல்லும்.

‘அலோ ரிப்போர்ட்டர் க்ளோஸ்’ என்பதை ஆன் செய்யுங்கள். ஃபிட்டர் 80 வரை கொண்டுவரட்டும், மெஷின் ஓடுவதைக் கண்ணால் பார்த்த சூப்பர்வைசர் 90 போடட்டும். இந்த ஒரு விதியை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

தமிழ் எழுதிய ஃபைலை யுடிஎஃப்-8ல், பிஓஎம் (ஃபைலின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் குறி) இல்லாமல் சேமிக்க வேண்டும். பழைய நோட்பேட் பிஓஎம்மைச் சேர்த்துவிடும், பக்கத்தின் தலையில் விநோத எழுத்தும் ஹெடர் பிழையும் வரும். நோட்பேட்++ல் சேமித்தால் தொல்லை இல்லை. டேட்டாபேஸ் மூன்று பைட் யுடிஎஃப்-8ல் இருந்தாலும் தமிழ் சரியாக நிற்கும், எமோஜிதான் ஏறாது.

போட்டோ ஏறவில்லை என்றால்

இது நிச்சயம் வரும் புகார். இன்றைய போனில் ஒரு படமே 3, 4 எம்பி. மேன்டிஸின் எல்லை சுமார் 5 எம்பி, பிஎச்பியின் எல்லை ஸாம்ப்பில் அதைவிடப் பெரியது. இரண்டும் இடம் கொடுத்தும் படம் ஏறாமல் போவதற்குக் காரணம் மூன்றாவதாக ஒன்று: மரியாடிபியின் ‘மேக்ஸ் அலோவ்ட் பேக்கெட்’. ஸாம்ப்பின் ‘மை.ஐஎன்ஐ’ ஃபைலில் அது 1 எம்பி என்று வைத்திருப்பார்கள். மேன்டிஸோ இணைப்புகளை டேட்டாபேஸுக்குள்தான் திணிக்கும். அதை 16 எம்பி ஆக்கலாம். அதைவிட நல்லது, படங்களை டேட்டாபேஸுக்கு வெளியே வைப்பது. சி டிரைவில், எச்டிடாக்ஸுக்கு வெளியே ஒரு ஃபோல்டர் உருவாக்கி, ‘ஃபைல் அப்லோட் மெத்தட்’ டிஸ்க் என்றும், ‘அப்சொல்யூட் பாத் டிஃபால்ட் அப்லோட் ஃபோல்டர்’ அந்த ஃபோல்டர் என்றும் எழுதுங்கள். பாதையில் விண்டோஸின் பின்சாய்கோட்டுக்குப் பதில் முன்சாய்கோடு, கடைசியிலும் ஒன்று. இதையும் ப்ராஜெக்ட் உருவாக்குவதற்கு முன்பே முடித்துவிடுவது நல்லது.

மெயில் வேண்டுமென்றால்

இன்சார்ஜுக்கு மட்டும் மெயில் போனால் போதும் என்பவர்கள், மேலே ஆஃப் செய்த ‘எனேபிள் ஈமெயில் நோட்டிஃபிகேஷன்’ வரியை ஆன் ஆக்கிவிட்டு, ஜிமெயில் வழியாக அனுப்பலாம்: எஸ்எம்டிபி முறை, போர்ட் 587, டிஎல்எஸ். ஜிமெயிலின் வழக்கமான பாஸ்வேர்ட் வேலை செய்யாது. இரண்டு படி சரிபார்ப்பை ஆன் செய்து, 16 எழுத்து ஆப் பாஸ்வேர்ட் எடுக்க வேண்டும். மற்றவர்களுக்கு அவரவர் கணக்கில் அறிவிப்புகளை நிறுத்திவிடுங்கள்.

வெளியிலிருந்து பார்க்க

முதலாளி சென்னையிலிருந்து பார்க்க வேண்டும் என்பார். ரவுட்டரில் போர்ட் திறக்காதீர்கள். பல இணைப்புகளில் நமக்கென்று தனிப் பொது ஐபி கிடையாது, அதனால் திறந்தாலும் பலிக்காது. பலித்தால் அதுவே ஆபத்து. டெய்ல்ஸ்கேல் மாதிரி ஒரு விபிஎன்னை சர்வரிலும் அவர் போனிலும் போட்டால் முடிந்தது.

பேக்கப்

எடுக்க வேண்டியவை மூன்று: டேட்டாபேஸ், படங்களின் ஃபோல்டர், மேன்டிஸின் கான்ஃபிக் ஃபோல்டர். சீசன் இல்லாதபோது வாரம் ஒரு தடவை பிஎச்பிமைஅட்மினின் எக்ஸ்போர்ட் போதும். சீசனில் தினமும் ஓடும்படி, ‘மைஸ்க்யூஎல்டம்ப்’ கட்டளையை ஒரு பேட்ச் ஃபைலில் எழுதி டாஸ்க் ஷெட்யூலரில் போடுங்கள். விண்டோஸோடு வரும் பவர்ஷெல்லில், பெரியது-என்ற குறியால் ஃபைலுக்குத் திருப்பினால் அது யுடிஎஃப்-16ஆக மாற்றி எழுதும், தமிழ் எழுத்துகள் குப்பையாகும். கட்டளையிலேயே உள்ள ‘ரிசல்ட் ஃபைல்’ விருப்பத்தைப் பயன்படுத்துங்கள். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் டேட்டா ஃபோல்டரைக் காப்பி செய்து வைப்பதும் பேக்கப் ஆகாது. எடுத்த ஃபைலை வேறு கம்ப்யூட்டரில் ஒரு தடவை ஏற்றி, தமிழ் சரியாகத் தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

போன்களில் ஏற்றுவது

ஒவ்வொருவர் போனிலும் ஆலை வைஃபையில் முகவரியைத் திறந்து, புகார் பதியும் பக்கத்தையே நேராக ஹோம் ஸ்கிரீனில் சேர்த்துக்கொடுங்கள், முகப்புப் பக்கத்தை அல்ல. பின்னர் மெஷின், கேட்டகிரி, ஒரு வரி, ஒரு படம் என்று ஒருவரைப் பதியச் சொல்லிப் பாருங்கள். ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆனால் படிவத்தில் இன்னும் ஏதோ ஒன்று அதிகமாக இருக்கிறது. அதையும் எடுங்கள்.

இதையெல்லாம் சீசன் நடுவில் தொடங்காதீர்கள். கொய்யாவோ பப்பாளியோ கொஞ்சமாக ஓடும் மாதங்களில் தொடங்கினால் கை பழகும். புதுப் பதிப்பு ஏற்றுவதும் அப்போதுதான்: பேக்கப் எடுத்து, புதியதைப் பக்கத்தில் தனி ஃபோல்டரில் விரித்து, பழைய கான்ஃபிக் ஃபோல்டரில் உள்ள நம் ஃபைல்களை அதற்குள் காப்பி செய்து, இன்ஸ்டால் பக்கத்தை மறுபடி ஓடவிட்டால் டேபிள்களை அதுவே மேம்படுத்தும். பிறகு ஃபோல்டர் பெயர்களை மாற்றிவிட்டு அட்மின் ஃபோல்டரை மறுபடி அழியுங்கள். ஏப்ரலில் சர்வீஸ்காரர் வரும்போது, மெஷின் வாரியாக ஃபில்டர் போட்டு சிஎஸ்வியாக எடுத்து, எக்ஸெலில் அச்சிட்டு அவர் கையில் கொடுங்கள். எந்த பேரிங்கை முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும் என்ற பேச்சை அந்தத் தாளிலிருந்து தொடங்கலாம்.